கைபேசியும் ஒரு யன்னலும் மட்டும் இருந்தால் வீட்டிலேயே நல்ல பொருட்படம் (மேசையில் வைத்த சாமானின் படம்) எடுக்க முடியுமா?

முடியும். ரிங் லைட் வாங்குவதா, லைட் பொக்ஸ் வாங்குவதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். பழத்தை வைத்தாலும் மீனை வைத்தாலும் படம் தட்டையாக வருகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் தலைக்கு மேலே ஒரு டியூப் லைட் எரிந்துகொண்டிருக்கும். முதலில் அதை நிறுத்துங்கள். ஒரு யன்னலை மட்டும் திறந்து வைத்து மற்றதையெல்லாம் சாத்துங்கள். பொருளின் ஒரு பக்கம் இருட்ட வேண்டும். இருட்டினால்தான் அது உருண்டையாகத் தெரியும்.

நான் இருப்பது திருகோணமலையில். இங்கே கமரா வைத்திருக்கிறவன் கோணேசர் மலையையும் நிலாவெளிக் கடலையும் கோட்டைக்குள் மேய்கிற மான்களையும் விட்டு வேறெதையும் எடுக்கக்கூடாது என்று ஒரு எழுதாத சட்டம். அம்மம்மாவின் மூக்குப்பேணியை, அதாவது மூக்கு வைத்த பித்தளைக் குவளையை, மேசையில் வைத்து நான் மினக்கெடுவதைப் பார்த்த மாமா, "உந்தப் பேணியைப் படம் எடுக்கவோ தம்பி இவ்வளவு ஆரவாரம்?" என்றார். அந்தப் படம் இப்போது அவருடைய மகள் வீட்டு ஹோலில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. பெருமைக்குத்தான் சொல்கிறேன், சொல்லக்கூடாதா?

பித்தளை லேசுப்பட்ட சாமான் இல்லை. யன்னல் கம்பி, கைபேசி, எடுக்கிறவனின் பெனியன் என்று எதிரே இருக்கிற எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். புளி போட்டு மினுக்கினால் இன்னும் மோசம் என்பதால் துடைத்ததோடு விட்டேன். அப்பாவின் பழைய வேட்டியை ஒற்றையாக யன்னலுக்குக் குறுக்கே கட்டினேன். கம்பிகள் மறைந்து, பேணியின் வயிற்றில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கீற்று விழுந்தது. மறுபக்கத்தில் ஒரு கதிரையை வைத்து அதன் முதுகில் கறுப்புச் சீலையைப் போட்டதும் அந்தப் பக்க விளிம்பு கறுத்து எழும்பியது. மூக்கு மட்டும் இருட்டில் காணாமல் போயிற்று. அதற்கு நேரே கையகல வெள்ளைக் காகிதத்தை நிறுத்தி, கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி விட்டேன். கடைசியாகக் கறுப்பு பிரிஸ்டல் அட்டையில் ஓட்டை வெட்டி, லென்ஸ் மட்டும் தெரிகிற மாதிரிக் கைபேசியை அதற்குப் பின்னால் வைத்தேன். என் முகமும் பேணியை விட்டுப் போனது. பக்கத்தில் ஒரு தேசிக்காய், அவ்வளவுதான்.

கைபேசியைப் பொருளுக்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள், மூக்கு வீங்கித் தெரியும். கொஞ்சம் பின்னால் வந்து இரண்டு மடங்கு சூமில் எடுங்கள். கையில் பிடிக்காமல் புத்தகங்களில் சாய்த்து, 2 செக்கன் டைமர் போடுங்கள். திரையில் பொருளின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைக் கீழே இழுத்துக் குறையுங்கள்.

இருட்டில் எடுத்தால் புள்ளி புள்ளியாக வருமே என்று கீழே யாராவது எழுதப்போகிறீர்கள். பேணி எங்கேயும் ஓடாது ஐயா. கைபேசியில் எல்லாவற்றையும் நாமே அமைக்கிற ப்ரோ மோட் இருந்தால், ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறன்; கூடினால்தான் புள்ளி வரும்) 100இல் வைத்து, வெளிச்சத்தை உள்ளே விடும் ஷட்டரை அரைச் செக்கன் திறந்து விடலாம். நகைக்கடைக் கட்டலொக்குக்கு இந்த முறை போதாது என்பதும் எனக்குத் தெரியும். கேட்டவர் நகைக்கடை வைத்திருப்பதாகச் சொல்லவில்லை.

இன்னொன்று. வெளிநாட்டுக்காரர் எழுதியதைப் படித்துவிட்டு வடக்கு யன்னல்தான் வேண்டும் என்று நிற்காதீர்கள். அவர்கள் ஊரில் அந்தப் பக்கம் வெயில் பெரும்பாலும் வராது. நமக்கோ சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிச் சூரியன் உச்சந்தலைக்கு வந்து, அங்கிருந்து ஓகஸ்ட் கடைசி வரை வடக்கால்தான் போகும். அந்த மாதங்களில் வடக்கு யன்னலிலும் காலை மாலை வெயில் சரிந்து விழும். கிழக்கு யன்னலைக் கேட்கவே வேண்டாம், விடிந்ததும் கண் கூசும். எந்த யன்னலானாலும் வேட்டியைக் கட்டினால் சரி.

என் யன்னலுக்கு வந்த சோதனை வேறு. பக்கத்து வீட்டார் சுற்றுலாக்காரருக்கு விடவென்று மேல்மாடி எழுப்பி, சுவருக்கு ரோஸ் நிறம் அடித்தார்கள். மத்தியானத்துக்குப் பிறகு அந்த ரோஸ் முழுவதும் என் மேசையில்தான். முட்டை வைத்தால் பன்னீர் சர்பத் நிறத்தில் வருகிறது. சரி, அதை விடுங்கள். உங்களுக்கும் நிறம் பிசகினால், அதே இடத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் படம் எடுங்கள். தாள் வெள்ளையாகும் வரை திருத்திவிட்டு, அதே திருத்தத்தை மற்றப் படத்துக்கும் போட்டால் போதும்.

சாமான் போதாது என்று யோசிக்கிறீர்கள் போல. அமெரிக்கப் புகைப்படக்காரர் எட்வர்ட் வெஸ்டன் 1930இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்தார். பின்னணியும் அந்தப் புனல்தான், வெளிச்சத்தைத் திருப்பிவிட்டதும் அதுவேதான். இன்றைக்கும் அந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

மீனை எடுப்பதென்றால் மேசையையும் வெளிச்சத்தையும் ஒரு தேங்காயை வைத்துச் சரிபார்த்துவிட்டு, மீனைக் கடைசியாக ஐஸிலிருந்து எடுங்கள். கண் மங்கிய மீனை எந்த வெளிச்சமும் காப்பாற்றாது. தோல் காய்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். பூனையை முதலே வெளியே விட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள்.