வெற்றிடத்தைக் குறை சொல்லும் முன் காந்தத்தை அளந்து பாருங்கள்

கேள்வி: 120 மி.மீ. தடிமனான குறைகலப்பு எஃகு வளையங்களை, 1 மில்லிபார் அளவுக் குறை வெற்றிடத்தில், 150 கிலோவோல்ட் எலக்ட்ரான் கற்றையால் ஒரே ஓட்டத்தில் வெல்டிங் செய்கிறோம். மேற்பரப்பு நன்றாக இருக்கிறது. அல்ட்ராசோனிக் சோதனையில் மட்டும் அடிப்பக்க மூன்றில் ஒரு பங்கில் உருகி ஒட்டாத இடம் தெரிகிறது. உயர் வெற்றிட அறைக்கே திரும்பிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வெற்றிடம் போதவில்லை என்றால் அடையாளம் வேறு. வாயு மூலக்கூறுகளில் மோதிச் சிதறிய கற்றை மேலே அகலமாகப் பரவி, ஆழம் பிடிக்காமல் நின்றுவிடும். உங்களிடம் கற்றை அடிவரை போகிறதா, இல்லையா என்பதை முதலில் பாருங்கள். சோதனைத் துண்டைக் குறுக்கே வெட்டி, மெருகேற்றி, நைட்டாலில் (நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹால்) அரித்தால் போதும். உருகிய பட்டை ஒரு பக்கமாக வளைந்து, பழைய இணைப்புக் கோடு அதன் அருகில் அப்படியே நின்றால் அது காந்தத்தின் வேலை.

கணக்கு எளிது. 150 கிலோவோல்ட் கற்றை 1 காஸ் (காந்தப்புல அலகு) குறுக்குக் காந்தப்புலத்தில் சுமார் 14 மீட்டர் ஆரத்தில் வளையும். 120 மி.மீ. ஆழத்துக்குள் அரை மி.மீ. விலகல், அதைப் பொருட்படுத்த வேண்டாம். 5 காஸ் இருந்தால் இரண்டரை மி.மீ. விலகும். கற்றையை உமிழும் எலக்ட்ரான் துப்பாக்கியின் முனைக்கும் வேலைப்பொருளுக்கும் நடுவே உள்ள இடைவெளியிலும் புலம் இருந்தால் விலகல் நீளத்தின் வர்க்கமாகக் கூடும். பட்டையின் பாதி அகலத்தை விலகல் தாண்டியதும் இணைப்பு தவறிவிடும்.

காந்தம் பெரும்பாலும் நாமே ஏற்றியதுதான்: காந்தத்துகள் சோதனை, காந்தக் கிரேன், காந்தச் சக் (வேலைப்பொருளைக் காந்தத்தால் பிடிக்கும் மேடை). எனவே வளையங்களைத் தனித்தனியாக அளந்து திருப்தியடையாதீர்கள். பொருத்தி முடித்த பிறகு, காந்தப்புலத்தை அளக்கும் ஹால் முனை காஸ்மீட்டரை இணைப்பின் மேல், கீழ் இரு பக்கமும் சுற்றிலும் வைத்துப் பாருங்கள். புலம் இடைவெளியில்தான் குவியும். 1 காஸுக்குள் கொண்டுவருவது நல்லது. 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தால் காந்தம் நீக்குவது இந்தத் தடிமனுக்கு உதவாது, தோலைத் தாண்டி உள்ளே போகாது. வளையத்தின் மேல் கேபிளைச் சுற்றி, நேர்மின்னோட்டத்தின் திசையை மாற்றி மாற்றிப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். பிடிப்பான்கள் அலுமினியத்திலோ காந்தத்தில் ஒட்டாத ஆஸ்டெனிட்டிக் துருப்பிடிக்கா எஃகிலோ இருக்கட்டும். சாதாரண எஃகுப் பிடிப்பான் அத்தனை உழைப்பையும் வீணாக்கிவிடும்.

ஒரு வளையம் வேறு உலோகம் என்றால் கதை வேறு. வெப்பத்தால் எழும் மின்னோட்டமே காந்தப்புலத்தை உண்டாக்கும். முன்கூட்டிக் காந்தம் நீக்கிப் பயனில்லை. விலகலைச் சோதனைத் துண்டில் அளந்து, கற்றையை எதிர்ப்பக்கம் சாய்க்க வேண்டும்.

பட்டை வளையாமல் நேராகச் சாய்ந்திருந்தால் சீரமைப்பைச் சோதியுங்கள். 1 பாகை சாய்வு 120 மி.மீ. அடியில் 2 மி.மீ. பிசகாகும்.

வெட்டுமுகம் மேலே அகன்று, கீழே ஆழம் போதாமல் இருந்தால் மட்டுமே அழுத்தத்தின் பக்கம் வாருங்கள். குறை வெற்றிட முறை சுமார் 0.1 முதல் 10 மில்லிபார் வரை வேலை செய்யும். அறைக்கு ரோட்டரி, ரூட்ஸ் போன்ற சாதாரண இயந்திரப் பம்புகளே போதும். உயர் வெற்றிடம் தேவைப்படுவது துப்பாக்கிக்குள் மட்டும். துப்பாக்கிக்கும் அறைக்கும் நடுவில் கற்றை கடக்கும் சிறு துளைகளுக்கிடையே வாயுவைத் தனித்தனியாக உறிஞ்சி அந்த வெற்றிடத்தைக் காக்கிறோம். கற்றையின் பாதையில் ஹீலியம் விடுங்கள். காற்றைவிட இலேசானதால் சிதறல் குறையும். ஆர்கான் வேண்டாம், சிதறல் கூடும். துப்பாக்கியை முடிந்தவரை அருகில் வையுங்கள். இந்தப் பம்புகள் துருவையும் எண்ணெயையும் மன்னிக்கும் என்று எண்ண வேண்டாம். அவை வெல்டுக்குள் நுண்துளைகளாகத் திரும்பி வரும்.

இரண்டு விஷயம், கேட்காவிட்டாலும். இந்தத் தடிமனில் கற்றையைச் செங்குத்தாகக் கீழ்நோக்கி முழுதும் ஊடுருவவிட்டால் உருகிய உலோகம் அடியில் ஒழுகிவிடக்கூடும். கிடைமட்டக் கற்றை பாதுகாப்பானது. வளையத்தை மூடும் இடத்தில் தொடக்கத்தின் மேல் சற்று ஓட்டி, மின்னோட்டத்தை மெல்லக் குறையுங்கள். சட்டென்று நிறுத்தினால் கற்றை துளைத்த குழி சரியாக மூடாமல் உள்ளே பொந்துகள் தங்கும்.

தடிமன் மீது சந்தேகம் வேண்டாம். 2024இல் ஷெஃபீல்ட் ஃபோர்ஜ்மாஸ்டர்ஸ் 200 மி.மீ. சுவருள்ள அணு உலைக் கலன் மாதிரியில் நான்கு வெல்டுகளை எலக்ட்ரான் கற்றையால் 24 மணி நேரத்துக்குள் முடித்தது. அடுத்த சோதனைத் துண்டில் காந்தத்தை மட்டும் மாற்றுங்கள். அழுத்தம், குவியம், வேகம் எதையும் தொடாதீர்கள். இல்லையேல் எது சரிசெய்தது என்று தெரியாது.