மேயரின் மேசையில் முதல் கோப்பு எது?

கடலூர் மாநகராட்சியைப் பற்றியும் புதுச்சேரி நகராட்சிகளைப் பற்றியும் வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழின் வாசகர் பகுதியில் எடுத்துக்கொண்டுள்ளோம். கடிதம் எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் தந்திருக்கிறோம்.

கடலூர் மாநகராட்சி ஆன பிறகும் எங்கள் தெருப் பிள்ளைகள் வேலை தேடிச் சென்னைக்கும் திருப்பூருக்கும் போவது நிற்கவில்லை. ஒரு மேயர் முதலில் தொழிற்சாலைகளைக் கொண்டுவர வேண்டுமா, வடிகாலைச் சரிசெய்ய வேண்டுமா?
– வாசகர், மஞ்சக்குப்பம்

1866ஆம் ஆண்டு முதல் நகராட்சியாக இருந்த கடலூர், 2021இல் தாம்பரம், காஞ்சிபுரம், கும்பகோணம், கரூர், சிவகாசி ஆகியவற்றோடு சேர்ந்து மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. தரம் உயர்ந்ததால் மேயருக்குத் தொழிற்சாலை கொண்டுவரும் அதிகாரம் வந்துவிடவில்லை. தொழிற்பேட்டை நிலம் மாநிலத் தொழில் மேம்பாட்டு நிறுவனமான சிப்காட்டிடமும், வரிச் சலுகை மாநில அரசிடமும், மின் இணைப்பு மின்வாரியத்திடமும், இசைவாணை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் இருக்கின்றன. போதாக்குறைக்கு நம் சிப்காட் வளாகமே பழைய நகரத்துக்குத் தெற்கே சிதம்பரம் சாலையோரத்தில், பெரும்பாலும் ஊராட்சிகளின் எல்லைக்குள் அமைந்தது. எனவே "ஐயாயிரம் பேருக்கு வேலை" என்று ஒரு மேயர் வாக்களித்தால், அடுத்தவர் பையிலிருந்து மொய் எழுதுகிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

வடிகால் அப்படிப்பட்டதன்று, அது பெரும்பாலும் மாநகராட்சியின் வேலை. அதுவே கடலூருக்குப் பொருளாதாரக் கொள்கையும் ஆகும் என்பது என் கருத்து. நகரத்துக்கு வடக்கே தென்பெண்ணை, நடுவே கெடிலம், பழைய நகரத்தை ஒட்டி உப்பனாறு என்று ஆறுகள் கடலைச் சேரும் தாழ்வான மண் இது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல், 2015 நவம்பரில் பெருமழை, 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை அடுத்துச் சாத்தனூர் அணையிலிருந்து வந்த தென்பெண்ணை வெள்ளம் என்று அடி விழுந்துகொண்டே இருக்கிறது. இதில் வணிகர்கள் மட்டுமே நன்கறிந்த ஒரு கொடுமை உண்டு. தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் ஆகிய மூன்று விற்பனைக் காலங்களும் வடகிழக்குப் பருவமழையோடு பின்னிக் கிடக்கின்றன. லாரன்ஸ் ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், ஆண்டிலேயே அதிகமான சரக்கைக் கிடங்கில் அடுக்கி வைக்கும் நாட்களில்தான் தெருவில் முழங்கால் அளவு நீர் நிற்கிறது. நனையும் என்ற அச்சத்தில் அவர் சரக்கைக் குறைக்கிறார். சரக்கு குறைந்தால் விற்பனையாளர்களையும் குறைக்கிறார். வாங்க வந்தவர் புதுச்சேரிக்குப் பேருந்து ஏறிவிடுகிறார். உங்கள் தெருப் பிள்ளைக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு வேலை அந்த இடத்தில்தான் காணாமல் போகிறது.

இங்கே மேயரால் செய்ய முடிந்தது, நாள் குறிப்பது. அக்டோபர் நடுவில் மழை தொடங்கும் என்றால் வாய்க்கால் தூர்வாரும் பணி செப்டம்பருக்குள் முடிந்திருக்க வேண்டும். அதற்கு ஜூன் மாதமே ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும். அதற்கான தொகை மார்ச் மாத வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். அதே தீர்மானம் செப்டம்பர் மாதக் கூட்டத்துக்கு வந்தால், தோண்டிப் போட்ட மண் கரையிலிருந்து முதல் மழையிலேயே வாய்க்காலுக்குத் திரும்பிவிடும். செலவு இரண்டுக்கும் ஒன்றுதான்.

மேயர் என்றால் நகரத்துக்கு முதலமைச்சர் போலத்தானே? பிறகு ஏன் எல்லாவற்றுக்கும் ஆணையர் கையெழுத்து வேண்டியிருக்கிறது?
– வாசகி, புதுப்பாளையம்

முதலமைச்சர் போல இல்லை, அம்மா. மாநகராட்சியின் நிர்வாகப் பொறுப்பு மாநில அரசு நியமிக்கும் ஆணையரிடம் இருக்கிறது. மேயர் மன்றத்துக்குத் தலைமை ஏற்கிறார். 1996, 2001, 2011 ஆகிய தேர்தல்களில் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2022இல் நாம் வாக்களித்தது வார்டு உறுப்பினர்களுக்கு மட்டுமே. கடலூரின் 45 உறுப்பினர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். நேரடித் தேர்தலை விரும்புகிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் நேரடியாக வந்த மேயரும் மன்றத்தில் பெரும்பான்மை இல்லாவிட்டால் தவித்துப் போவார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பன்னிரண்டாம் அட்டவணையில் நகர உள்ளாட்சிக்குரியவை என்று 18 பொருள்கள் எழுதப்பட்டுள்ளன. பொருளாதார, சமூக வளர்ச்சிக்குத் திட்டமிடுதல் அவற்றில் ஒன்று. ஆனால் அவற்றை எந்த அளவுக்கு ஒப்படைப்பது என்பதை மாநிலச் சட்டம் தீர்மானிப்பதால், ஊருக்குள் ஓடும் பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடமும், பேருந்துகள் விழுப்புரம் கோட்டப் போக்குவரத்துக் கழகத்திடமும் இருக்கின்றன. சாலை யாருடையது என்று யாருக்கும் தெரியாவிட்டாலும் அதிலுள்ள பள்ளம் மட்டும் மேயருடையதாகிவிடுகிறது! நல்ல மேயர் செய்யக்கூடியது, எந்தச் சாலை எந்தத் துறைக்கு உரியது, எந்தப் பொறியாளர் பொறுப்பு என்பதை வார்டு வாரியாகப் பலகையில் எழுதி வைப்பதும், மாதந்தோறும் அந்தத் துறையினரை ஒரே மேசையில் உட்கார வைப்பதும்தான். இதற்குச் சட்டத்திருத்தம் எதுவும் தேவையில்லை.

வீட்டு வரியை 2022இல் ஏற்றினார்கள். அதன் பிறகும் ஏறுகிறது. ஆனால் எங்கள் தெருவிளக்கு எரிவதில்லை. ஏன் கட்ட வேண்டும்?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் கட்டாமல் இருப்பதால் விளக்கு எரியப்போவதில்லை என்பதால், ஏற்றம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்கிறேன். 2022 உயர்வில் 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 25 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடும் கூட்டப்பட்டன. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவித்து, மாநிலத்தின் உள்நாட்டு உற்பத்தி வளர்ச்சிக்கு ஏற்ப வசூலையும் உயர்த்தினால்தான் நகர உள்ளாட்சிகளுக்கு மானியம் கிடைக்கும் என்று பதினைந்தாவது நிதிக்குழு வைத்த நிபந்தனை அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2021–26 காலத்துக்கான அந்த மானியத்திலும் கடலூர் போன்ற, பத்து இலட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு 60 விழுக்காட்டுத் தொகை கட்டுண்ட நிதியாக வைக்கப்பட்டது. அதில் ஒரு பாதி குடிநீருக்கும் மறுபாதி துப்புரவுக்கும் மட்டுமே செலவிடப்பட வேண்டும் என்பது விதி. மாநில நிதி ஆணையத்தின் வழியே வருவதும் சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம் ஆகியவற்றில் பெரிதும் கரைந்துபோகிறது.

ஆகவே ஒரு மன்றம் தன் விருப்பப்படி, யாரையும் கேட்காமல் செலவிடக்கூடிய பணம் என்பது சொத்து வரி, தொழில் வரி, கடை வாடகை ஆகியவற்றிலிருந்துதான் வர வேண்டும். தொழில் வரிக்கு அரசியலமைப்பே ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு கட்டியிருக்கிறது. 1988இல் வைத்த வரம்பு அது, இன்னும் நகரவில்லை. மிஞ்சுவது சொத்து வரியும் வாடகையும். இவ்விரண்டிலும் விகிதத்தை உயர்த்துவதைவிட விட்டுப்போனதைப் பிடிப்பதே நேர்மையான வழி: மூன்று மாடிக் கட்டடம் ஓட்டு வீடாகப் பதிவாகியிருப்பது, வணிக வளாகம் குடியிருப்பு விகிதத்தில் கட்டுவது, பெரிய நிலுவையாளரின் கோப்பு மட்டும் மேலெழும்பாமல் இருப்பது. ஒவ்வொரு ஊரிலும் இவை உண்டு. அறுநூறு சதுர அடிக்காரர் வரிசையில் நின்று கட்டும்போது, ஆறாயிரம் சதுர அடிக்காரரின் நிலுவை அறிவிப்புப் பலகையில் இடம்பெற்றால், தெருவிளக்கைப் பற்றிய உங்கள் கேள்விக்கே எடை கூடும். ஏப்ரல், அக்டோபர் மாதங்களின் முதல் முப்பது நாட்களுக்குள் அரையாண்டு வரியைக் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு என்பதையும், தாமதித்தால் மாதம் ஒரு விழுக்காடு வட்டி சேரும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களாவது மேயரைத் திட்ட முடிகிறது. புதுச்சேரியில் திட்டுவதற்கும் ஆள் இல்லையே?
– வாசகர், முத்தியால்பேட்டை

உங்கள் கடிதத்தைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. 1880ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அரசாணையின்கீழ் நகராட்சிகளும் மேயர்களும் அமைந்த ஊர் உங்களுடையது. கடற்கரைச் சாலையில் இருக்கும் "மேரி" கட்டடத்தை மாதாவின் பெயரென்று நினைத்துக்கொள்ளும் வெளியூர்க்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். நகர மன்றத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அது. 2014 நவம்பரில் இடிந்து விழுந்த அந்தக் கட்டடம் மீண்டும் கட்டப்பட்டு 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. உள்ளே அமர வேண்டிய மன்றம்தான் இல்லை.

1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006இல் நடந்த தேர்தலே புதுச்சேரி கண்ட கடைசி உள்ளாட்சித் தேர்தல். 2011இல் பதவிக்காலம் முடிந்த பின் ஐந்து நகராட்சிகளையும் ஊரகப் பகுதிகளுக்கான பத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகளையும் அதிகாரிகளே நடத்துகிறார்கள். 2021இல் அறிவித்த தேர்தலும் இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் நின்றுபோயிற்று. பதவிக்காலம் முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 243U பிரிவின் கட்டளை. கடலூர்க்காரர்கள் இதில் பெருமைப்பட இடமில்லை. 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம் வரை தமிழ்நாட்டு நகரங்களும் தனி அலுவலர்கள் கையில்தான் இருந்தன.

இதைப் பொருளாதாரத்தோடு ஏன் சேர்க்கிறேன் என்றால், உங்கள் ஊரின் பிழைப்பில் பெரும்பங்கு சுற்றுலாவைச் சார்ந்தது. வார இறுதியில் வந்து குவியும் வண்டிகளை எங்கே நிறுத்துவது, பழைய நகரமான புல்வார்ப் பகுதியின் வீடுகளை விடுதிகளாக்குவதில் எங்கே கோடு போடுவது, குப்பை வண்டி எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பவை எல்லாம் ஒரு தெருக்காரரின் இழப்பும் மற்றொருவரின் ஆதாயமுமாக இருப்பவை. இவற்றை அதிகாரி முடிவு செய்யலாம், திறமையாகவும் செய்யலாம். ஆனால் முடிவு பிடிக்காதவர் அவரை மாற்ற முடியாது. அவர் இடமாற்றத்தில் போய்விட்டால், பிடித்தவரும் அவரைத் தக்கவைத்துக்கொள்ள முடியாது.

பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோகும் பேச்சு அடிக்கடி எழுகிறது. கடைக்காரர்கள் எதிர்ப்பது சுயநலம்தானே?
– வாசகி, வண்டிப்பாளையம்

சுயநலம்தான், அதில் தவறில்லை, ஏனெனில் அவர்கள் கட்டும் வாடகை மாநகராட்சியின் வருவாய். நெரிசல் உண்மையானது என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்திலிருந்து இரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம் என்பது காசு கொடுத்தாலும் கிடைக்காத வசதி. 2023 டிசம்பர் இறுதியில் சென்னைக் கிளாம்பாக்கம் முனையத்தைத் திறந்தபோது அருகிலேயே இரயில் நிலையம் இன்னும் அமையாமல் இருந்ததால், மூட்டை முடிச்சுகளோடு இறங்கியவர்கள் பட்ட பாட்டை நம்மூர்க்காரர்கள் பலர் அனுபவித்திருப்பார்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் நகரப் பேருந்துகளின் கால அட்டவணை, இரவுநேர இணைப்பு, பழைய இடத்தின் கடைகளுக்கு என்ன ஏற்பாடு என்பவற்றை எழுத்தில் வைத்துவிட்டு அடிக்கல் நாட்டட்டும்.

சாலையோரக் கடைகளை அகற்றுவது நகர வளர்ச்சியா?
– வாசகர், தேவனாம்பட்டினம்

சட்டப்படி முதலில் கணக்கெடுப்பு, பிறகு விற்பனைச் சான்றிதழ், பிறகே ஒழுங்குபடுத்துதல். 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை வியாபாரிகளுக்கே தந்திருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. வெள்ளிக் கடற்கரையில் சுண்டல் விற்பவரும் மீன் கூடையோடு உட்காரும் அக்காவும் அந்தக் குழுவில் இருக்கிறார்களா என்று உங்கள் வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள்.

எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு இணைத்தால் இலாபமா?
– வாசகர், கடலூர் ஒன்றியம்

மனை விலை ஏறும், வரியும் ஏறும், ஊரக வேலைத் திட்டம் நின்றுவிடும். விற்க மனை இருப்பவருக்கு இலாபம், கூலி வேலையை நம்பியிருப்பவருக்கு இழப்பு. இணைப்புக்கு முன்பே வடிகாலும் குடிநீர்க் குழாயும் எந்த ஆண்டில் வரும் என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

மாநகராட்சியின் கணக்கைச் சாதாரணக் குடிமகன் பார்க்க முடியுமா?
– கல்லூரி மாணவி, பழைய நகரம்

முடியும், மகளே. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்தால் முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். "எல்லாக் கணக்கும் வேண்டும்" என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. உங்கள் வார்டில் சென்ற நிதியாண்டில் தூர்வாரிய வாய்க்கால்கள் எவை, ஒவ்வொன்றுக்கும் பணி ஆணை வழங்கிய தேதி எது, பணி முடிந்த தேதி எது, வழங்கிய தொகை எவ்வளவு என்று நான்கே கேள்விகளாகக் கேளுங்கள். கிராம சபையைப் போல 2022 நவம்பர் 1 அன்று நகரங்களிலும் தொடங்கப்பட்ட பகுதி சபைக் கூட்டம் உங்கள் வார்டில் அடுத்து நடக்கும்போது அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். முன்வரிசையிலேயே உட்காருங்கள், இடம் காலியாகத்தான் இருக்கும்.