டேப்பிங் பண்றப்ப அடியில யாருங்க நிக்கிறது?

கேள்வி: அண்ணா வணக்கம், நான் குன்னூர். நாலு பேர் சேந்த மெட்டல் பேண்டுல பேஸ் வாசிக்கிறேன், நாலு கம்பி பேஸ் கிட்டார்தான். ஆறு மாசமா ரூம்ல உக்காந்து ரெண்டு கை டேப்பிங் (மீட்டாம, ரெண்டு கை விரலாலயும் கம்பிய கழுத்துப் பலகையோட தட்டி வாசிக்கிறது) பழகி இப்ப ஓரளவு வேகமாவே வருது, ஆனா பேண்டோட சேந்து வாசிச்சா கிட்டாரிஸ்ட் "என்னடா பாட்டு காத்து போன டயர் மாதிரி ஆயிடுது"ங்கிறான், டிரம்மர் "நீ வாசிக்கிறதே கேக்கல"ங்கிறான். பொறாமையில சொல்றானுங்களா, இல்ல தப்பு என் மேலயா?
— ஒரு வாசகர், குன்னூர்

பதில்: பொறாமை எல்லாம் இல்ல தம்பி, பசங்க சரியாத்தான் சொல்றாங்க. பேஸோட தடிச்ச ஈ கம்பிய சும்மா மீட்டினா வர்றது ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ் (எண் கொறைய கொறைய சுருதி கீழ), அந்த அடி இடத்துல பேண்டுல வேற ஆளே கிடையாது. நீங்க ரெண்டு கையையும் மேல தூக்கிட்டுப் போயி ஜி கம்பில 12வது ஃப்ரெட்ல (கழுத்துல குறுக்க பதிச்ச உலோகக் கோடு) தட்டினா அது 196 ஹெர்ட்ஸ், கிட்டார்ல மூணாவது கம்பிய சும்மா தட்டினா வருமே, அதே சுருதி. உங்க வீட்டப் பூட்டிட்டு கிட்டாரிஸ்ட் வீட்டுத் திண்ணைல போயி உக்காந்துக்கிட்டீங்க, அங்க ஏற்கனவே டிஸ்டார்ஷன் (கரகர சத்தம்) போட்டு ஒருத்தன் கத்திட்டு இருக்கான், உங்க சத்தம் எப்படிங்க கேக்கும்? ரூம்ல தனியா வாசிக்கிறப்ப இது தெரியவே தெரியாது, ஏன்னா அங்க நீங்க மட்டுந்தான்.

இத நான் அனுபவிச்சுதான் சொல்றேன். காலேஜ் படிக்கிறப்ப கீழ கோயமுத்தூர்ல ஒரு ஃபெஸ்ட்டுல வாசிச்சோம், என் டேப்பிங் வந்ததும் கிட்டாரிஸ்ட் மரியாதையா கைய எடுத்துட்டான், டிரம்மரும் ஹை-ஹாட்ட மட்டும் தட்டிட்டு இருந்தான், நான் கண்ண மூடிக்கிட்டு பின்னி எடுக்குறதா நெனச்சுட்டு இருக்கேன், கண்ணத் தொறந்தா சவுண்டுக்காரர் மேடைல குனிஞ்சு என் ஆம்ப் (ஒலிபெருக்கி) கேபிள புடுங்கிப் புடுங்கிச் சொருகிட்டு இருக்காரு. பேஸ் செத்துப் போச்சுன்னு நெனச்சுட்டாராம்.

அப்ப பெரிய ஆளுங்க மட்டும் எப்படி பண்றாங்கன்னு கேப்பீங்க. பேஸிஸ்ட் பில்லி ஷீஹன எடுத்துக்குங்க, 1989ல வந்த அவரோட மிஸ்டர் பிக் பேண்டு முதல் ஆல்பத்தோட முதல் பாட்டு, அதுல அவரும் கிட்டாரிஸ்ட் பால் கில்பர்ட்டும் சேந்தே டேப்பிங்ல பின்னுவாங்க, ரெண்டு பேரும் ஒண்ணா போறதால அது ஒரே பெரிய வாத்தியம் மாதிரி இருக்கும். ஸ்டூ ஹாம்னு இன்னொரு பேஸிஸ்ட் 1988ல பீத்தோவனோட மூன்லைட் சொனாட்டாவையே பேஸ்ல வாசிச்சு ரெக்கார்டு பண்ணாரு, ஆனா அங்க சண்டைக்கு வர்றதுக்கு கிட்டாரும் இல்ல டிரம்ஸும் இல்ல, பியானோ மாதிரி ஒரு கை அடி சுருதியப் புடிச்சுக்கும், இன்னொரு கை மேல பாடும். ட்ரீம் தியேட்டர் பேண்டோட 1992 ஆல்பத்துல மெட்ரோபொலிஸ் பாட்டுல பேஸிஸ்ட் ஜான் மியுங் திடீர்னு டேப்பிங்ல எறங்குவாரு, கொஞ்ச நேரந்தான், மத்தவங்க உடனே வந்து சேந்துருவாங்க. மூணு பேருமே அடி காலியாகறத முன்கூட்டி யோசிச்சவங்க, நம்மள மாதிரி வேகத்த மட்டும் பாத்துட்டு ஓடல.

இப்ப உங்க கதைக்கு வர்றேன். பாட்டு ஈ மைனர்ல இருந்தா வேலை ரொம்ப சுலபம், வலது கட்டைவிரலால ஈ கம்பிய ஒரு தடவ மீட்டி அப்படியே ஒலிக்க விட்டுட்டு டி, ஜி கம்பிகள்ல டேப் பண்ணுங்க, கீழ 41 ஹெர்ட்ஸ் முழங்கிட்டே இருக்கும், அது சாகப் போறப்ப மறுபடி ஒரு தட்டு. பாட்டு சி மைனர்னா ஜி கம்பில இடது ஆள்காட்டி விரல் 5ல, சுண்டுவிரல் 8ல, வலது கை 12ல, 12-5-8, 12-5-8ன்னு மூணு மூணா சுத்துங்க, அதுவே சி மைனர் ஆர்பெஜியோ (கார்டு சுரங்கள ஒண்ணொண்ணா வாசிக்கிறது) ஆயிடும். 34 இஞ்ச் ஸ்கேல் (ஒலிக்கிற கம்பி நீளம்) பேஸ்ல அந்த 5க்கும் 8க்கும் நடுவுல ஏறக்குறைய 4 இஞ்ச், மொதல்ல கை வலிக்கும், வலிச்சா நிறுத்திருங்க, மெட்ரோனோம் (தாளம் தட்டுற கருவி) 60ல ஆரம்பிங்க. இங்க அடி சுருதிய நீங்களே புடிக்க முடியாது, அதனால கிட்டாரிஸ்ட்டு கிட்ட நேரா சொல்லுங்க: "நான் மேல போறப்ப நீ சோலோ வாசிக்காத, அடி சி-ய பாம் மியூட்ல (உள்ளங்கைய கம்பில லேசா அமுக்கி) குத்திட்டே இரு." டிராப் சி ட்யூனிங்னா (அடிக்கம்பிய சி வரைக்கும் எறக்கி வச்சிருந்தா) அவன் அடிக்கம்பி 65 ஹெர்ட்ஸ், உங்க அளவுக்கு கீழ வராதுன்னாலும் மானத்தக் காப்பாத்தும். டிரம்மரு கிக்க (கால்ல அடிக்கிற பெரிய டிரம்ம) விடக்கூடாது. காசு இருந்தா ஒரு ஆக்டேவ் பெடல் (சுருதிய ஒரு ஸ்தாயி கீழ எறக்குற பெட்டி) வாங்கிக்கலாம், அந்த 196ஐ 98 ஆக்கி கூடவே குடுக்கும், மேல் சுருதிகள்ல அது தடுமாறாம வேல செய்யும். அப்புறம் நாலு பார் (தாளச் சுத்து) போதும் தம்பி, நாப்பது பார் வேணாம். கிராமத்துல படுகர் ஆட்டம் பாத்திருப்பீங்க, வட்டமா ஆடுறப்ப பாட்டு எங்க போனாலும் தாளம் ஒரு நொடி நின்னா போதும், மொதல்ல காலுக்குத்தான் தெரியும், காதுக்கு அப்புறந்தான்.

கேள்வி: ஆம்ப்ல கெயின் (சத்தத்த பெருக்குற அளவு) ஏத்திட்டு டேப் பண்ணா தொடாத கம்பி எல்லாம் ஊளையிடுது. வீடியோல எல்லாரும் நட்டு (கழுத்தோட தலைப்பக்கம் கம்பியத் தாங்குற கட்டை) பக்கத்துல ஒரு துணிப்பட்டை மாட்டிருக்காங்களே, அது இருந்தாதான் சரியா வருமா? அது ஏமாத்து வேலைன்னு என் ஃப்ரெண்டு சொல்றான்.
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: ஏமாத்து எல்லாம் இல்லைங்க, ஸ்டுடியோல எத்தனையோ பேர் மாட்டிக்கிறாங்க. உங்க ரெண்டு கையும் தட்டுற வேலைல இருக்கு, மத்த கம்பிய அமுக்கி மியூட் பண்ண மூணாவது கைக்கு எங்க போறது? கடைல வாங்கக்கூட வேணாம், தலைக்குப் போடுற துணி ரப்பர் பேண்டு இருக்குல்ல, அத முதல் ஃப்ரெட் மேல கம்பிகளச் சுத்தி மாட்டினா அதே வேலதான். ஒரே சிக்கல், மேல குன்னூர் தம்பிக்கு சொன்ன மாதிரி ஈ கம்பிய முழங்க விடணும்னா பட்டை அதையும் அமுக்கிரும், அப்ப ஈ-ய விட்டுட்டு மத்த மூணு கம்பிக்கு அடியில மட்டும் சின்ன ஸ்பான்ஞ்சு துண்டு சொருகிக்குங்க. விரல எடுக்கறப்பவும் கவனிங்க, நேரா மேல தூக்கினா சத்தம் செத்துரும், ஓரமா சுண்டி எடுக்கணும். தட்டுற சத்தமும் சுண்டுற சத்தமும் ஒரே அளவு வரலன்னா கம்ப்ரெஸர் (சத்தத்த ஒரே அளவாக்குற கருவி) கொஞ்சம் உதவும், ஆனா அத ரொம்ப ஏத்தினா அடங்கிக் கெடந்த ஊளை எல்லாம் திரும்பி வந்துரும், அதனால மொதல்ல கெயின பாதியா குறைங்க. பாதி மெட்டல் பேண்டுகளோட பிரச்சனையே இதுதான்னு எனக்கு ஒரு அபிப்பிராயம், சண்டைக்கு வராதீங்க.

கேள்வி: டிசம்பர் வந்தா விரல் மரத்துப் போகுது, பேஸும் ஒரு மாதிரி கம்பி ஒசந்து டேப்பிங் கஷ்டமாகுது. மழைல ஒரு மாதிரி, பனில ஒரு மாதிரி. என்ன பண்றது?
— ஒரு வாசகர், ஊட்டி

பதில்: நானும் ஊட்டிதாங்க, உறைபனி நாள்ல காலைல ஆறு மணிக்கு பிராக்டீஸ் பண்றவங்கள கும்பிடுறேன். கம்பி ஒசர்றது உங்க பிரமை இல்ல. மரம் ஈரத்த இழுக்கும், விடும், அதுல நெக்கு வளையும், கம்பி ஃப்ரெட்ல இருந்து தள்ளிப் போகும், டேப்பிங்க்கு கம்பி எவ்வளவு தாழ்வா இருக்கோ அவ்வளவு நல்லது. நெக்குக்குள்ள ட்ரஸ் ராட்னு ஒரு இரும்புக் கம்பி இருக்கு, அத கால் சுத்து மட்டும் திருப்பி ஒரு நாள் விட்டுப் பாருங்க, முழு சுத்து திருப்பாதீங்க, கை நடுங்குச்சுன்னா தெரிஞ்சவங்க கிட்ட குடுத்துருங்க. வாசிச்சு முடிச்சதும் கம்பிய தொடைச்சு பைக்குள்ள வைங்க, வெளிய சாத்தி வச்சா மேகம் வந்து துருப்பிடிக்க வச்சுரும். விரலுக்கு? சுடுதண்ணி, டீ, வர்க்கி.

கேள்வி: என் பையன் கிட்டார மீட்டாம ரெண்டு கையாலயும் பலகைய தட்டுற மாதிரி தட்டிட்டே இருக்கான், ராத்திரி பதினோரு மணி வரைக்கும். முப்பதாயிரம் ரூவா சாமான், ஒடஞ்சு போயிடாதா?
— ஒரு அப்பா, கூடலூர்

பதில்: ஒடையாதுங்கய்யா. அவன் தட்டுறது பலகைய இல்ல, கம்பியத்தான், அது ஃப்ரெட் மேல பட்டா அதுவே சத்தம். வருசக்கணக்குல ஃப்ரெட் தேயும், கம்பி மாத்தணும், அவ்வளவுதான். ஆம்ப் போடாம தட்டுறானா? அப்ப உங்க தூக்கத்த நெனச்சுதான் தட்டுறான், ஒரு ஹெட்ஃபோன் ஆம்ப் வாங்கிக் குடுங்க.