பம்ப் ஓடுகிறது, சர்க்கரை ஏறுகிறது: செட்டைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. டைப் 1 சர்க்கரை நோய். நான்கு மாதமாக இன்சுலின் பம்ப் பயன்படுத்துகிறோம். இரவுச் சாப்பாடு முடிந்து, படுக்கப் போகும் முன்தான் பம்ப்பின் செட்டை, அதாவது இன்சுலின் போகும் ட்யூபையும் தோலில் செருகும் முனையையும், மாற்றுவோம். சில நாள் மாற்றிய இரவே சர்க்கரை 350-ஐத் தாண்டிவிடுகிறது. அலாரம் எதுவும் அடிப்பதில்லை. திரையில் இன்சுலின் போய்விட்டதாகவே காட்டுகிறது. பம்ப்பில் கோளாறா?

பதில்: பம்ப் அநேகமாக நன்றாகத்தான் இருக்கிறது. மாற்றிய அன்றே ஏறுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தோலுக்கடியில் இருக்கும் கேனுலா என்ற மெல்லிய குழாயை.

திரையில் தெரிவது பம்ப் தள்ளிய அளவு மட்டும். அது உடம்பில் சேர்ந்ததா என்று பம்ப்புக்குத் தெரியாது. ட்யூபுக்குள் அழுத்தம் கூடினால்தான் அடைப்பு அலாரம் அடிக்கும். கேனுலா பாதி மடங்கி, இன்சுலின் ஓரமாகக் கசிந்துகொண்டிருந்தால் அழுத்தமே ஏறாது. குழந்தைகளுக்கு பேசல் (பம்ப் நாள் முழுக்கச் சிறுகச் சிறுக விடும் இன்சுலின்) அளவு குறைவு என்பதால், முழுதாக அடைத்துக்கொண்டால்கூட அலாரம் வரப் பல மணி நேரம் ஆகலாம்.

பம்ப்பில் போவது வேகமாக வேலை செய்யும் இன்சுலின் மட்டுமே. நாள் முழுக்க நிற்கும் இன்சுலின் உடம்பில் கிடையாது. வரத்து நின்றால் சில மணி நேரத்திலேயே, கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீட்டோன் என்ற அமிலம் சேர ஆரம்பித்துவிடும். அதனால்தான் படுக்கப் போகும் முன் செட் மாற்றாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். விடுமுறை நாளில் காலைச் சாப்பாட்டுக்கு முன் மாற்றுங்கள். பள்ளி நாளில் பையன் வீடு திரும்பியதும் மாற்றுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை சர்க்கரை பார்த்துவிட்டால், செட் சரியாக உட்கார்ந்ததா என்று விழித்திருக்கும்போதே தெரிந்துவிடும்.

காரணமில்லாமல் 250-க்கு மேல் போனால் கீட்டோன் பாருங்கள். கீட்டோன் இல்லையென்றால் பம்ப்பிலேயே ஒரு கரெக்‌ஷன் (சர்க்கரையை இறக்கும் கூடுதல் இன்சுலின்) கொடுத்துப் பார்க்கலாம். ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்காவிட்டால், அல்லது முதலிலேயே கீட்டோன் இருந்தால், அந்த செட்டை நம்பாதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த கரெக்‌ஷன் அளவைப் பேனா ஊசியில் போட்டுவிட்டுப் புது செட் மாட்டுங்கள். பேனாவில் போட்டது பம்ப்பின் கணக்கில் சேராது. அதை மறந்து பம்ப் சொல்கிறபடி மேலும் கரெக்‌ஷன் கொடுத்தால் சர்க்கரை தடாலென்று கீழே போய்விடும். போட்ட நேரத்தையும் அளவையும் எழுதி வையுங்கள். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் இருந்தாலோ, ரத்தக் கீட்டோன் 3-ஐத் தொட்டாலோ வீட்டில் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கழற்றிய செட்டை உடனே குப்பையில் போடாதீர்கள். கேனுலாவை வெளிச்சத்தில் பாருங்கள். ஜூஸ் ஸ்ட்ரா மடங்கியது போல் வளைந்திருக்கிறதா, நுனியில் ரத்தம் உறைந்திருக்கிறதா? பிளாஸ்டர் ஈரமாக, லேசாக பினாயில் வாசனை அடித்தால் அது கசிந்த இன்சுலின். அதில் கலந்திருக்கும் பதப்படுத்தும் பொருளின் வாசனை அது. ஒவ்வொரு முறையும் இரண்டு வரி குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

அடிக்கடி மடங்குகிறது என்றால் செட்டின் வகையை மாற்றக் கேளுங்கள். ஒல்லியான பிள்ளைக்கு நேராக இறங்கும் 9 மில்லிமீட்டர் கேனுலா தசையில் முட்டி மடங்கலாம். 6 மில்லிமீட்டர், அல்லது சாய்வாக இறங்கும் வகை சரிப்படலாம். ஸ்டீல் ஊசி செட் மடங்கவே மடங்காது. ஆனால் இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். சாதாரண டெஃப்லான் செட்டுக்கு இரண்டிலிருந்து மூன்று நாள். செட் விலையை நினைத்து ஐந்து நாள் இழுக்கும் வீடுகளை எனக்குத் தெரியும், அந்தக் கஷ்டமும் புரிகிறது. ஆனாலும் மூன்றாம் நாளுக்குப் பிறகு இன்சுலின் உறிஞ்சப்படுவது குறையக்கூடும், அந்த இடம் புண்ணாகவும் கூடும்.

புதிய இடம் பழைய இடத்திலிருந்து ஓர் அங்குலமாவது தள்ளி, தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி இருக்கட்டும். கால்சட்டையின் இடுப்புப் பட்டி அழுத்தும் இடம் வேண்டாம். விரலால் தடவும்போது கெட்டியாகவோ மெத்தென்றோ புடைத்த இடத்தில் வலிக்காது என்பதால் பிள்ளைகள் அதையே கேட்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள், அங்கே இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சாது. செருகி ஊசியை உருவிய பிறகு கேனுலாவை நிரப்ப மறக்க வேண்டாம். 6 மில்லிமீட்டருக்கு 0.3 யூனிட் என்பது பல செட்களில் உள்ள அளவு. உங்கள் செட்டின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ட்யூபை நிரப்புவது வேறு. அதைச் செய்யும்போது ட்யூப் பிள்ளையின் உடம்போடு சேர்ந்திருக்கவே கூடாது, அத்தனை இன்சுலினும் உள்ளே போய்விடும்.

நம் ஊர் வெயிலில் பிளாஸ்டர் பிய்ந்துவருவது பெரிய தொல்லை. எண்ணெய்க் குளியலைச் செட் மாற்றும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். பழையதைக் கழற்றி, குளித்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சோப்புப் போட்டு, நன்றாக உலர்ந்த பிறகு புதியதை ஒட்டுங்கள். பம்ப் இல்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம். ட்யூபை ஒரு சுற்றுச் சுற்றி டேப் போட்டுவிட்டால் விளையாட்டில் இழுபட்டாலும் கேனுலா அசையாது.

பிரிட்ஜிலிருந்து எடுத்த இன்சுலினைக் குளிர் போன பிறகு நிரப்புங்கள், காற்றுக்குமிழி குறையும். மருந்துக் கடையில் 40 யூனிட் குப்பிகளும் கிடைக்கும். பம்ப்புக்கு ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட் உள்ளது மட்டும்தான், லேபிளைப் படித்து வாங்குங்கள். பள்ளிப் பையில் ஒரு புது செட், பேனா, ஊசி, கீட்டோன் ஸ்ட்ரிப், கரெக்‌ஷன் அளவு எழுதிய சீட்டு இருக்கட்டும். அந்தச் சீட்டின் நகல் ஒன்று வகுப்பாசிரியரிடமும் இருக்க வேண்டும்.