ஹால் ஷெல்ஃபுக்குக் கோடை அலங்காரம்: கேட்டதும் சொன்னதும்

தருமபுரி: அக்கா, ஹால்ல நாலு தட்டு ஷெல்ஃப். கல்யாண கிஃப்ட், கப்பு, பொம்மைன்னு ஒரே நெரிசல். வெயிலுக்கு ஏத்த மாதிரி மாத்தணும். என்னென்ன வாங்கணும்?

ஒண்ணும் வாங்காதீங்க, முதல்ல இறக்குங்க. நாலு தட்டையும் காலி பண்ணி, காஞ்ச துணியால ஒரு தரம், ஈரத் துணியால ஒரு தரம் துடைச்சு ஒரு மணி நேரம் காய விடுங்க. இறங்கினதுல பாதிதான் திரும்ப ஏறணும். வெல்வெட், ஜிகினா, பிளாஸ்டிக் பூ, மெழுகுவத்தி எல்லாம் பரணுக்கு. ஷீட் கூரை வீட்டுல, மேற்குச் சுவத்துல நிக்கிற ஒல்லி மெழுகுவத்தி அக்னி நட்சத்திரத்துல இடுப்பு வளைஞ்சு தொங்கிடும்.

தட்டுக்கு மூணு சாமான் போதும். இடைவெளி 15 அங்குலம்னா உயரமானது 10 அங்குலம் இருக்கட்டும். அதை நடுவுல நிறுத்தாம ஓரமா தள்ளுங்க. பக்கத்துல அஞ்சாறு அங்குலத்துல ஒண்ணு, முன்னாடி தட்டையா ஒண்ணு. மூணுல ஒரு பங்கு வெறுமனே கிடக்கட்டும், கண்ணுக்குக் குளிர்ச்சி அந்த வெத்து இடத்துலதான். மண் கூஜா, பனையோலை விசிறி, பித்தளைச் செம்புல ஒரு வேப்பங்கொத்து. நிறம் ரெண்டுக்கு மேல வேணாம்: வெள்ளையும் பச்சையும், இல்லாட்டி வெள்ளையும் மாம்பழ மஞ்சளும்.

ஒரு எச்சரிக்கை. கல் ஷெல்ஃபா இருந்தா எலுமிச்சை, புளி, நறுக்கின மாங்காய் எதுவும் கல்லுல படக்கூடாது.

அரூர்: பின்பக்கச் சுவருக்கு வெளிர் நிறம் வேணும், பெயின்ட் அடிக்க முடியாது, வாடகை வீடு.

சார்ட் பேப்பரைச் சுவத்துல ஒட்டாதீங்க. வெயில்ல டேப் பசை இளகி, உரிக்கும்போது டிஸ்டெம்பரோட வரும். பழைய அட்டைப்பெட்டியைத் தட்டின் அளவுக்கு ரெண்டு மில்லி குறைச்சு வெட்டி, சார்ட்டை அட்டையில ஒட்டி, சும்மா நிமிர்த்திச் சொருகுங்க. ஆடியில உருவிக்கலாம்.

ஓசூர்: ரோஜா இங்கே சல்லிசு. ஆனா மூணாம் நாளே தலை சாஞ்சிடுது.

காம்பை வாளித் தண்ணிக்குள்ள பிடிச்சு, அரை அங்குலம் சாய்வா வெட்டுங்க. வெளியில வெட்டினா காம்புக்குள்ள காத்து ஏறி அடைச்சுக்கும், தலை சாயறது அதனாலதான். தண்ணிக்குள்ள முங்குற இலை ஒண்ணுகூட இருக்கக்கூடாது, அழுகி நாறும். ஒரு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரை, அரை மூடி எலுமிச்சைச் சாறு. ரெண்டு நாளைக்கு ஒரு தரம் தண்ணி மாத்தி, காம்பை மறுபடி கொஞ்சம் வெட்டணும். ஃபேன் காத்து நேரா படற இடம் வேணாம். சாறு கலந்த தண்ணியாச்சே, கல் ஷெல்ஃப்னா ஜாடிக்கு அடியில தட்டு வைங்க.

காவேரிப்பட்டணம்: எங்க தோட்டத்து மாம்பழத்தையே அடுக்கலாமா? பக்கத்துல ரோஜா வெச்சா அம்சமா இருக்கும்ல?

மாம்பழம் சரி, ரோஜா பக்கத்துல வேணாம். பழுக்கிற பழம் எத்திலீன் வாயு விடும், பூ சீக்கிரம் வாடும், மணி பிளான்ட் இலையும் மஞ்சளாகும். எதிர்ச் சுவத்துக்கு மாத்துங்க.

அஞ்சு காய் போதும். சிவப்புக்குச் செந்தூரா, பல நாள் தாங்கணும்னா கெட்டியான பெங்களூரா, அந்தக் கிளிமூக்கே ஒரு அழகு. ஒரு அங்குலக் காம்போட பறிங்க. காம்பு ஒடிஞ்சா பால் வடியும். சாக்கு மேல ரெண்டு மணி நேரம் தலைகீழா கவுத்து வெச்சு, கழுவித் துடைச்ச அப்புறம்தான் ஷெல்ஃபுக்கு. சன்மைக்காவுல பால் பிசுக்கு பட்டா தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைச்சு, சோப்புத் தண்ணியால முடிங்க. காம்படியில கருப்பு தெரிஞ்ச பழம் அன்னைக்கே சமையல்கட்டுக்கு. இல்லைன்னா ஈ மொய்க்கும்.

பாலக்கோடு: பாட்டில்ல மணி பிளான்ட் எப்படி வளர்க்கறது?

ரெண்டு கணு தண்ணிக்குள்ள, இலை வெளியே. அஞ்சு நாளைக்கு ஒரு தரம் தண்ணி மாத்தணும். மாத்தினா மட்டும் போதாது, பாட்டில் உள்சுவத்தை பிரஷ் போட்டுத் தேய்க்கணும். டெங்கு கொசு தண்ணிக்கோட்டுக்கு மேல சுவத்துல ஒட்டித்தான் முட்டை போடும், காஞ்சாலும் மாசக்கணக்குல சாகாது.

பென்னாகரம்: போர் தண்ணி ஊத்தின கண்ணாடி ஜாடியில வெள்ளைக் கோடு. ஃபுளோரைடா?

இல்ல. நம்ம மாவட்டத் தண்ணியில ஃபுளோரைடு உண்டு, பல்லுல கறையா தெரியறது அது. ஜாடியில படியறது கால்சியம் உப்பு. வினிகரும் தண்ணியும் சமமா ஊத்தி அரை மணி நேரம் வெச்சுத் தேய்ச்சா போயிடும். இதைத் தொட்டியில பண்ணுங்க, கல் ஷெல்ஃப் மேல வேணாம்.

கிருஷ்ணகிரி: அக்கா, அப்பலேர்ந்து கல்லு கல்லுன்னு பயமுறுத்துறீங்க. எங்க வீட்டு ஷெல்ஃப் கருப்பு கிரானைட். ஊரே கிரானைட் ஊரு. எலுமிச்சை என்ன பண்ணும்?

கிரானைட்னா ஒண்ணும் பண்ணாது. கிரானைட்தானான்னு பார்த்தீங்களா? குவாரி பக்கத்துலயே இருந்தாலும், சுவத்துக்குள்ள சொருகின கருப்புப் பலகை பெரும்பாலும் கடப்பா. அது அடுக்கடுக்கா பிளக்கிற சுண்ணாம்புக் கல், விலை கம்மி. கிரானைட்டை ரம்பம் போட்டு அறுக்கணும். புளிப்பு பட்டா கடப்பாவோட பாலீஷை அரிச்சிடும்.

கிருஷ்ணகிரி: பளபளன்னு இருக்கே! கடப்பா மங்கலாத்தானே இருக்கும்?

பாலீஷ் போட்ட கடப்பாவும் பளபளக்கும். டார்ச் அடிச்சுப் பாருங்க. சர்க்கரைத் துகள் மாதிரி பொடிப்பொடியா மின்னினா கிரானைட், கரும்பலகை மாதிரி ஒரே கருப்புன்னா கடப்பா. சந்தேகம் தீரலைன்னா, கண்ணுக்குப் படாத பின் மூலையில எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டு, அஞ்சு நிமிஷம் கழிச்சுத் துடைங்க. மங்கலா வட்டம் விழுந்தா கடப்பா.

ஊத்தங்கரை: நானும் விட்டுப் பார்த்தேன், வட்டம் விழுந்துடுச்சு. நடுத்தட்டுல, முன்னாடியே. இப்ப எப்படிப் போக்குறது?

பின் மூலைன்னு எழுதியிருந்தேனே தாயி! அது கறை இல்ல, பாலீஷ் போன இடம். எந்த சோப்புக்கும் போகாது. கல் பாலீஷ்காரர் வந்து தேய்ச்சாத்தான் சரியாகும். தேங்காய் எண்ணெய் தடவினா ரெண்டு நாள் மறையும், அப்புறம் தூசி அப்பும். இந்தக் கோடைக்கு அது மேல கூஜாவை வைங்க.

கிருஷ்ணகிரி: டார்ச்லயும் மின்னுது, வட்டமும் விழல.

அப்போ கிரானைட்தான் தம்பி. ஒரு கூடை எலுமிச்சையைக்கூட கொட்டி வைங்க.

மொரப்பூர்: வெட்டிவேர் வைக்கலாமா?

கட்டா காயப்போட்டு வைங்க. தண்ணி தெளிச்சு மூடின ஷெல்ஃபுல வெச்சா பூஞ்சை பிடிக்கும்.

போச்சம்பள்ளி: தட்டு விரிப்புக்குப் போச்சம்பள்ளித் துணி நல்லா இருக்குமா?

அது தெலங்கானா போச்சம்பள்ளிங்க, உங்க ஊர் இல்ல! விரிப்புக்கு வெள்ளைக் காட்டன் போதும். முன்பக்கம் ரெண்டு அங்குலம் தொங்கட்டும்.

தேன்கனிக்கோட்டை: மணி பிளான்ட் பாட்டில் தண்ணி எத்தனை நாளைக்கு...

பாலக்கோட்டுக்குச் சொன்னதைப் பாருங்க. பிரஷ்ஷையும் சேர்த்து.

தருமபுரி: உருளியில பூ மிதக்க விட்டா?

அஞ்சு நாள் எல்லாம் கிடையாது, தினம் ராத்திரி கொட்டிக் கவுத்துடுங்க. உருளிக்கும் பிரஷ் உண்டு. புளி போட்டு விளக்கினா நல்லா அலசித் துடைச்சுட்டு ஏத்துங்க. ஏன்னு ஊத்தங்கரை சொல்லுவாங்க.