பதற்றம் எல்லாருக்கும் ஒரே மாதிரி வராதது ஏன்?

"ஒருவருக்குக் கூட்டத்தைக் கண்டால் பதற்றம், இன்னொருவருக்கு மாடி ஏறினாலே பயம். யோசிக்கும் விதம்தான் காரணமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அது மட்டுமே இல்லை, பரம்பரையும் சேரும். ஆனால் பயத்தை ஊதிப் பெரிதாக்குவதில் யோசனைக்குப் பெரிய பங்கு உண்டு.

பீதித் தாக்குதலையே (திடீரென்று உச்சத்துக்கு ஏறும் பயம், 'பேனிக் அட்டாக்') எடுத்துக்கொள்ளுங்கள். மாடி ஏறியதும் நெஞ்சு படபடக்கிறது. 'ஹார்ட் அட்டாக்கோ?' என்று மனம் பதறுகிறது. அந்தப் பயத்தில் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து படபடப்பு இன்னும் ஏற, சந்தேகம் உறுதியாகிவிடுகிறது. உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் அடங்கினால், தண்ணீர்தான் காப்பாற்றியது என்று அவர் நினைப்பார்; படபடப்பு தானாகவே அடங்கும் என்பது தெரியாமலே போகும். அதனால் அடுத்த முறையும் அதே பயம். இந்தச் சுழலை 1986-இல் விளக்கியவர் பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க்.

கூட்டத்தில் கூசுபவரின் கவனமோ தன் மேலேயே இருக்கும்: குரல் நடுங்குகிறதா, முகம் வியர்க்கிறதா? எதிரே ஒருவர் கொட்டாவி விட்டால் அதற்கும் தான்தான் காரணம் என்று நினைப்பார். (அவர் ராத்திரி சரியாகத் தூங்கியிருக்க மாட்டார், அவ்வளவுதான்!) சதா கவலைப்படுபவருக்கு, நாளை என்ன ஆகும் என்று தெரியாமல் இருப்பதே தாங்காது.

சிகிச்சையும் அதற்கேற்ப மாறும். பீதிக்கு, சிகிச்சையாளர் வேண்டுமென்றே வேகமாக மூச்சு வாங்கச் சொல்லி, படபடப்பு தானாக அடங்குவதைக் காட்டுவார். ஆனால் நெஞ்சுப் படபடப்பு புதிதாக வந்திருந்தால், முதலில் டாக்டரிடம் இதயத்தைப் பரிசோதித்துவிடுங்கள்.