வருகை நாளும் மகளின் ஃபீஸும்

கேள்வி: என் வீட்டுக்காரர் எப்போதும் யூடியூபில் இயேசுவின் இரண்டாம் வருகையைப் பற்றிய செய்திகள்தான் கேட்கிறார். 2025 செப்டம்பர் 23 அன்று இரகசிய வருகை, விசுவாசிகளை மட்டும் இயேசு திடீரென்று எடுத்துக்கொள்வார் என்று யாரோ சொன்னதை நம்பி, அன்றைக்கு லீவு போட்டு உபவாசம் இருந்தார். மறுநாள் டூட்டிக்குப் போய்விட்டார். ஆனால் 'இன்னும் கொஞ்ச காலம்தானே' என்று மகளின் இரண்டாம் வருட நர்சிங் ஃபீஸைக் கட்ட மறுக்கிறார். கேட்டால் எனக்கு விசுவாசம் இல்லையாம். மகளோ ராத்திரி எழுந்து, நாங்கள் படுத்திருக்கிறோமா என்று பார்த்துவிட்டுப் போகிறாள். – பெயர் வேண்டாம், நாகர்கோவில்.

பதில்: மகளிடமிருந்து தொடங்குகிறேன் சகோதரி. எட்டு வயதில் ஒருநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கதவு திறந்து கிடந்தது, அடுப்பில் குழம்பு கொதித்தது, ஆளைக் காணோம். எல்லாரையும் கர்த்தர் எடுத்துக்கொண்டார், நான்தான் கைவிடப்பட்டேன் என்று வாசலில் உட்கார்ந்து அழுதேன். அம்மா பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்தார். உங்கள் மகளுக்கும் அதே பயம்தான். சிரித்து ஒதுக்காமல், பக்கத்தில் படுத்துக்கொண்டு பேசவிடுங்கள்.

வீட்டுக்காரரிடம் வருகையைப் பற்றி வாதாடாதீர்கள். உயிரோடிருக்கிறவர்களையும் மரித்தவர்களையும் நியாயந்தீர்க்க இயேசு வருவார் என்று விசுவாசப் பிரமாணத்தில் நீங்களும்தான் சொல்கிறீர்கள். உங்கள் வீட்டுக்காரர் தேதியைப் பிடித்துக்கொண்டதுதான் சிக்கல். அமெரிக்க விவசாயி வில்லியம் மில்லர், தானியேல் 8:14-இல் வரும் 2300 நாளை வருடமாக எடுத்து, கி.மு. 457-இலிருந்து எண்ணி, 1843 வாக்கில் வருகை என்றார். அது தப்பியதும் அவரைச் சேர்ந்தவர்கள் 1844 அக்டோபர் 22 என்று திருத்தினார்கள். நிலத்தில் உருளைக்கிழங்கைத் தோண்டாமலே காத்திருந்தவர்கள் உண்டு. 23-ஆம் தேதி வழக்கம்போல விடிந்தது. 2011 மே 21 என்று சொன்ன வானொலிப் பிரசங்கியார் ஹரால்ட் கேம்பிங்கும் அப்புறம் அக்டோபர் 21 என்றார், அடுத்த வருடம் தப்புதான் என்று ஒப்புக்கொண்டார். இரகசிய வருகை என்ற விளக்கமே எல்லாச் சபைக்கும் பொதுவானதல்ல. 1830-களில் ஜான் நெல்சன் டார்பி என்ற பிரசங்கியார் பரப்பிய பிறகு வேரூன்றியது அது. கத்தோலிக்க சபை அதைப் போதிப்பதில்லை.

இதையெல்லாம் அவரிடம் ஒப்பிக்க வேண்டாம். தேதி தப்பியதைக் குத்திக்காட்டினால் அடுத்த தேதியைத் தேடிப்போவார். அவருடைய வேதாகமத்தில் மத்தேயு 24 முழுக்கச் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கும் என்று பந்தயம் கட்டுவேன் (பந்தயம் கட்டக் கூடாதுதான்). 'அந்த நாளையும் அந்த நாழிகையையும்' யாரும் அறியார் என்ற வசனமும் அங்கேதான் இருக்கிறது. சரி, ஒரு பக்கம் திருப்பச் சொல்லுங்கள். ஒலிவமலையில் இயேசு பேசிய அதே பேச்சின் தொடர்ச்சியாக 25-ஆம் அதிகாரத்தில், எஜமான் ஊழியக்காரரிடம் தாலந்து என்ற பணத்தை ஒப்படைத்துவிட்டுப் போகும் உவமை வருகிறது. எஜமான் திரும்பி வந்து கணக்குக் கேட்கும்போது மாட்டிக்கொள்கிறவன், தாலந்தை மண்ணில் புதைத்து வைத்தவன். மகளுக்குக் கிடைத்த நர்சிங் சீட்டை அந்த உவமையில் எங்கே வைப்பார் என்று கேளுங்கள்.

இன்னொன்றும் கேட்கலாம், கோபமில்லாமல். செப்டம்பர் 24 அன்று டூட்டிக்குப் போனவர், பி.எஃப். பிடித்தத்தை நிறுத்தச் சொன்னாரா? அவர் சம்பளம் நிற்கவில்லை, மகளின் படிப்பு மட்டும் நின்றிருக்கிறது. எனக்கு அந்த இடம்தான் உறுத்துகிறது. யூடியூப் செய்தி அவருக்கு ஒரு சாக்காகவும் இருக்கலாம். கையில் பணமுடையா, கடன் ஏதாவதா என்று விசாரியுங்கள்.

ஞானஸ்நானம் கொடுத்த பாஸ்டரையோ, யார் சொல்லை அவர் தட்டமாட்டாரோ அந்த அண்ணனையோ வீட்டுக்குக் கூப்பிடுங்கள். தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், நாள் நெருங்கிவிட்டது என்று கலங்கியவர்களைத் தேற்றிய பவுல், அடுத்த அதிகாரத்திலேயே வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்கிறார். அதை அவர்கள் வாயால் கேட்டால் அவருக்கு உறைக்கும்.

ஆனால் அவர் மனம் மாறும்வரை காத்திருக்காதீர்கள். நாளைக்கே கல்லூரிக்குப் போய்த் தவணை கேளுங்கள். கல்விக் கடனுக்குத் தாயும் கையெழுத்துப் போடலாம், வங்கியில் விசாரியுங்கள். கட்டிய ரசீதை ஒளித்து வைக்கவும் வேண்டாம், அவர் முன்னால் கொண்டுபோய் நீட்டவும் வேண்டாம். கேட்டால் காட்டுங்கள்.